பால் டின்னும் என் ஆங்கிலமும்

அந்தத் தேயிலைத் தோட்டத்தில், துரையின் மனைவி துரைசாணியை விட்டால், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் நான்கே பேர். தோட்டத்தை நடத்துகிற துரை, பெரிய கிளாக்கர், மருந்து கொடுக்கிற டாக்டரய்யா, தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டராகிய நான். மற்ற மூவரும் அதை உத்தியோகத்துக்குப் பயன்படுத்தினார்கள். நான் என் பிள்ளையின் உயிரோடு விளையாடப் பயன்படுத்தினேன்.

மகன் பிறந்து மூன்றாம் மாதத்தில் என் மனைவிக்குக் கடும் காய்ச்சல் வந்து தாய்ப்பால் வற்றிவிட்டது. நான் கொட்டகலை டவுனுக்கு பஸ் ஏறிப் போய்ப் பால்மா டின் ஒன்று வாங்கி வந்தேன். மூடியைத் திறப்பதற்கு முன்னால், டின்னைச் சுற்றி எழுதியிருந்ததை எல்லாம் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். பிறகு தமிழில் விளக்கமும் சொன்னேன். கரண்டியைக் கத்தியால் வழித்து மட்டமாக்க வேண்டும், தண்ணீர் கொதித்து ஆறியிருக்க வேண்டும் என்று வகுப்பில் வாய்பாடு சொல்கிற அதே குரலில் சொன்னேன். அவள் கம்பளிக்குள் சுருண்டு படுத்தபடி கேட்டாள். கேட்காமல் எங்கே போவாள்.

பிள்ளை குடித்தான். குடித்த வேகத்தில் கக்கினான். கடைவாயில் வழிகிற கக்கல் இல்லை, என் சட்டையும் வேட்டியும் நனைகிற கக்கல். வாயைச் சுற்றியும் கழுத்திலும் தடித்தடியாகச் சிவந்தது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஓயாமல் அழுதான். ஒரே வாரத்தில் தொடைச் சதை வற்றித் தோல் தொங்கியது.

"ஏங்க, இந்தப் பால் புள்ளைக்கு ஒத்துக்கலைங்க" என்றாள் மனைவி.

"நீ டின்னப் படிச்சியா?"

"புள்ளையப் பாத்தேங்க."

அதற்கு நான் கத்தினேன்.

டாக்டரய்யாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவரிடம் எல்லா நோய்க்கும் சேர்த்து இரண்டே மருந்து, ஒன்று சிவப்புத் தண்ணீர், மற்றது வெள்ளைத் தண்ணீர். பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பால் கக்காத புள்ள ஒலகத்துல ஏது மாஸ்டர்? பலம் பத்தல. ஒரு கரண்டி கூட்டிக் குடுங்க" என்றார். அவர் சொன்னது டின்னில் எழுதியிருந்ததற்கு நேர்மாறு. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. படித்தவர்கள் இரண்டு பேர் கூடிப் பேசி எடுத்த முடிவல்லவா. ஒரு கரண்டி கூட்டினேன்.

அதற்குப் பத்து நாளில் பிள்ளை தேறத் தொடங்கினான். கக்கல் நின்றது, தடிப்பு மறைந்தது, கன்னம் மெல்ல உப்பியது. டின்னும் காலியாக வேண்டிய நேரத்தில் சரியாகக் காலியானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில், கடையில், கோயில் வாசலில், கண்டவரிடமெல்லாம் நின்று பால்மாவின் மகிமையை அளந்தேன். "கஞ்சித் தண்ணி குடுத்துப் புள்ள வளக்கிற காலம் போயிருச்சு" என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்குப் புத்தி சொன்னேன். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைக்கு எட்டு மாதமானபோது துரைசாணி பங்களா புல்வெளியில் பேபி ஷோ வைத்தாள். தோட்டத்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பவுடர் அப்பி, வரிசையாக உட்காரவைத்து, அவற்றுள் கொழுத்ததற்குப் பரிசு கொடுக்கிற திருவிழா அது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், இங்கே பாதிப் பிள்ளைகளுக்குப் பல்லே முளைக்கவில்லை. டாக்டரய்யா கோட்டு மாட்டிக்கொண்டு துரைசாணி பக்கத்தில் நின்றார். கீழ் லயத்து ஆட்கள் மட்டும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அவர்களை உள்ளே வரவேண்டாம் என்று துரை சொல்லவில்லை. அது நாங்களாகவே சாதி பார்த்து எங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு.

முதல் பரிசு என் மகனுக்கு. பரிசு என்ன தெரியுமா? ரிப்பன் கட்டிய பால்மா டின். பிள்ளைக்கு என்ன கொடுத்து வளர்க்கிறீர்கள் என்று துரைசாணி ஆங்கிலத்தில் கேட்டாள். நான் டின்னில் எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனப்பாடமாக ஒப்பித்தேன். அவளுக்குப் பரம சந்தோஷம். உடனே ஒரு கோப்பை பால்மா கரைத்து வரச் சொன்னாள். ஜெயித்த பிள்ளை குடிப்பதைப் படம் பிடிக்க வேண்டுமாம்.

"வேணாம்" என்றாள் என் மனைவி. நாலு பேர் முன்னால் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "ஏங்க, குடுக்காதீங்க. அவன் அதக் குடிக்கிறதில்லைங்க."

"மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்தேன். துரைசாணி கையிலிருந்த கரண்டியை நானே வாங்கி மூன்று வாய் ஊட்டினேன்.

படம் எடுப்பதற்குள் பிள்ளையின் உதடு தடித்துவிட்டது. காது சிவந்தது, கண் இடுங்கியது, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகக் கிளம்பியது. மூச்சு இழுத்தது. துரைசாணி இரண்டடி பின்னால் போனாள். "பல்லு மொளைக்குது, வேற ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரய்யா, அவரும் பின்னால் போனபடியே. நான் கரண்டியோடு நின்றேன். என் பிள்ளை சாகப் போகிறான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மனைவி என் கையிலிருந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு வேலியை நோக்கி ஓடினாள். அங்கே கீழ் லயத்துக் கொழுந்துக்காரப் பெண் ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். தன் குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, என் மகனை வாங்கி முன்கையில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினாள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. பிறகு தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள். வெகுநேரம் கழித்து மூச்சு சீரானது, வீக்கம் வடியத் தொடங்கியது. அவள் வேலியோரம் உட்கார்ந்து மாராப்பை இழுத்து மூடி அவனைப் பாலுக்கு விட்டாள். அவன் வழி தெரிந்தவன் போல வாயைத் திருப்பினான். தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். கரண்டியை நான் கூட்டிய அன்றே அந்தப் பாலை நிறுத்தியிருக்கிறாள். கொழுந்தெடுக்கும் பெண்கள், கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்துக்குப் பால் கொடுக்க இறங்கிவரும் வேளைகளில், நான் பள்ளியில் இருக்கும்போது, இவளும் மகனைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் அந்தப் பெண்ணிடம் பால் குடிக்க விட்டிருக்கிறாள். சாயங்காலம் விறகு பொறுக்குகிற சாக்கு. இடையில் கஞ்சித் தண்ணீர். என் பால்மாவைக் குடித்துத் தீர்த்தவன் அந்தப் பெண்ணின் மூத்த பையன். சில பிள்ளைகளுக்குப் பசும்பாலே, அதிலிருந்து செய்கிற பால்மாவும், ஒவ்வாது என்று இப்போது எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள். என் மனைவி அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். மனிதர் எல்லாரும் சமம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதே கையால் கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிற மாஸ்டர் நான்.

மறுநாள் பரிசு டின்னை எடுத்துக்கொண்டு மனைவியோடு கீழ் லயத்துக்கு நன்றி சொல்லப் போனேன். அந்தப் பெண் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுப் பாலுக்கு விட்டாள். அவள் பையன் டின்னைக் கட்டிக்கொண்டான். அடுப்பிலிருந்ததைப் பையனை விட்டு ஊற்றச் சொல்லி, "ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க மாஸ்டரய்யா. பால் கெடையாது, வெறுந் தேத்தண்ணிதான். நாங்க என்னைக்கு பால் கண்டோம்" என்றாள்.

கோப்பை என் முன்னால் நீண்டது. நான் அதைப் பார்த்தேன்.

"இப்பத்தான் வீட்ல குடிச்சிட்டு வந்தேன்" என்றேன்.

என் மனைவி எட்டி அந்தக் கோப்பையை வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே மடக் மடக்கென்று குடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டாள். நான் சொன்னது பொய் என்று அந்த ஒற்றை அறைக் காம்பராவில் எல்லாருக்கும் தெரிந்தது, அந்தப் பெண்ணின் மடியில் கிடந்து குடித்துக்கொண்டிருந்த என் மகன் ஒருவனைத் தவிர.