துரை சிரித்த பிறகுதான் சிரிப்பு

மேடையேறி முதல் துணுக்கைச் சொல்லி முடித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எஸ்டேட் கிளப்பில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் என்னை விட்டுவிட்டு, முன்வரிசைச் சோபாவில் இருந்த துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசிச் சிரிக்கவைத்தால் அதற்கு ஸ்டாண்ட்-அப் என்று பெயர் வைத்து டிக்கெட் போடுகிறார்கள். எழுபதுகளில், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அதற்குப் பெயர் 'தமாஷ் ஐட்டம்'. அங்கே முதலில் அதைச் செய்தவன் நான். ஏழாவது வரை படித்தவன், டீ ஃபாக்டரியில் கொழுந்தை உருட்டும் ரோலர் மிஷின் ஓட்டியவன். எங்கள் சர்ச் சபை வாலிபர்கள் எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

1. கூரை

அந்த வருஷ மழையில் பிள்ளைக் கொட்டகை ஒழுகியது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப் போகும் இடம் அது. தொட்டில்களை மூலைக்கு மூலை நகர்த்தியே ஆயா ஓய்ந்துபோனாள். என் மகளுக்கு ஏழு மாதம். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. என் மனைவி எஸ்தர் மூன்று முறை ஆபீசுக்குப் போனாள். மூன்று முறையும் ஹெட் கிளார்க் தலையை நிமிர்த்தாமலே, "துரைட்ட சொல்லியாச்சி, போ" என்றார்.

எஸ்டேட் மேனேஜரைத்தான் துரை என்போம். அவர் வெள்ளைக்காரர். தமிழில் 'சரி', 'சீக்கிரம்', 'நாளைக்கி வா', இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எங்கள் குறை எதுவானாலும் ஹெட் கிளார்க்கின் வாய்வழியாகத்தான் அவர் காதுக்குப் போகவேண்டும். அந்த வாய் எதைச் சொன்னது, எதை விழுங்கியது என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

கிளப் விழாவுக்கு அதே ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டார். "ஏய், ரோலிங் ரூம்ல நீ கோமாளித்தனம் பண்ணி எல்லாரையும் சிரிக்க வைக்கியாமே. ஞாயித்துக்கிழம சாயந்தரம் கிளப்ல பத்து நிமிசம் பண்ணு. நாகரிகமா இருக்கணும். லயத்துப் பேச்சு வேண்டாம்."

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருப்பவனிடம் லயத்துப் பேச்சு வேண்டாம் என்றார்.

எஸ்தரிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. துரைக்கி முன்னாலதான நிக்கப் போறீங்க? கூரையச் சொல்லிருங்க. சிரிப்பாவே சொல்லுங்க" என்றாள்.

2. காதுக்குள் சொன்னது

முதல் துணுக்கு இதுதான்: "ரோலர் சத்தத்துல பத்து வருசம் நின்னவன் நான். வீட்ல அவ ஏசுனா, எனக்குக் கீர்த்தன மாதிரியில்லா கேக்கு!"

எல்லார் கண்ணும் துரைமேல். ஹெட் கிளார்க் துரையின் காதில் குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். துரை சிரித்தார். உடனே ஆபீஸ் ஸ்டாஃப் சிரித்தார்கள். பிறகு கங்காணிகள். கடைசியாகத் தரையில் உட்கார்ந்திருந்த தொழிலாளர்கள். சிரிப்புகூட உத்தியோக வரிசைப்படிதான் வந்தது. அது வந்து சேர்வதற்குள் நான் அடுத்த துணுக்கில் பாதி போயிருந்தேன். அந்தப் பாதி யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாவதாகக் கூரையை எடுத்தேன். "நம்ம எஸ்டேட்ல மழ ரெண்டு வகை. ஒண்ணு வெளிய பெய்யும், நின்னுரும். இன்னொண்ணு பிள்ளைக் கொட்டகைக்குள்ள பெய்யும். அது நிக்காது. நிக்கச் சொல்லி ஆபீஸ்லருந்து ஆர்டர் போகலியே!"

காதுக்குள் முணுமுணுப்பு. துரை விழுந்து விழுந்து சிரித்தார். வரிசைப்படி எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மைக் பக்கத்தில் நின்ற டீமேக்கர், எங்கள் ஃபாக்டரி அதிகாரி, ஆங்கிலம் தெரிந்த மனுஷன். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீ கூரையச் சொல்லுத. அந்த ஆளு, பொம்பளைக மழைக்கிப் பயந்து வேலைக்கி மட்டம் போடுதாவன்னு சொல்லுதான்யா."

தங்களைச் சோம்பேறி என்று சொன்னதற்குத்தான் அந்தத் தாய்மார்களும் துரை முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

3. கை

'ஆண்டவரே, என் வாயை ஒருத்தன் களவாண்டுவிட்டான், வழி காட்டும்' என்று ஒரு நிமிஷம் ஜெபித்தேன். என் கை தானாக மேலே வந்தது.

ரோலிங் ரூமில் வாயால் பேச முடியாது, மிஷின் சத்தம் அப்படி. எல்லாம் கைப்பேச்சுதான். நெற்றிக்கு மேலே தொப்பியைத் தொட்டால் துரை. காதில் விரலைச் செருகினால் ஹெட் கிளார்க், ஏனென்றால் அவர் காதில் எப்போதும் பென்சில் இருக்கும். மைக்கைக் கீழே வைத்தேன். கைக்குழந்தையைத் தாலாட்டினேன். மேலேயிருந்து ஐந்து விரலால் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். குழந்தை தும்மியது. தொட்டிலை நகர்த்தினேன், அங்கேயும் சொட்டியது. காதில் விரலைச் செருகி, ஏடு புரட்டி, 'போ' என்று கையை வீசினேன்.

பின்னாலிருந்து ரோலிங் ரூம் ஆட்கள் வெடித்துச் சிரித்தார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் சிரித்த முதல் சிரிப்பு அது. ஹெட் கிளார்க் காதுக்குக் குனிந்தார். துரை அவரை ஒதுக்கினார். தினமும் ஃபாக்டரிக்குள் நடப்பவருக்கு எங்கள் கை தெரியாதா? திரும்பி ஹெட் கிளார்க்கின் காதைப் பார்த்தார். விழாவன்றும் அங்கே பென்சில் இருந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

முடிந்ததும் ஹெட் கிளார்க் வந்தார். "துரைக்கி ரொம்பப் பிடிச்சிட்டு. அடுத்த வருசமும் இதையே பண்ணணுமாம்."

அடுத்த வருஷமும் என்றால் அடுத்த வருஷமும் கூரை ஒழுகவேண்டும். துரைக்கு ஒன்றும் தெரியாது என்று அதுவரை நம்பியிருந்தேன். தெரிந்தும் சிரித்துவிட்டு பங்களாவுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

"சிரிச்சிட்டுப் போயிட்டார்லா? விடப்பிடாது" என்றாள் எஸ்தர்.

மறுநாள் காலை ஆஜர் எடுக்கும்போது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு துரையைப் பார்த்து ஐந்து விரலால் சொட்டு இறக்கினாள். துரை சிரித்தார். அடுத்த நாள் பத்துப் பெண்கள். அதற்கடுத்த நாள் ஜீப் போன பாதையெல்லாம் தேயிலைச் செடிகளுக்கு மேலே கைகள் சொட்டின. யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காதவர்களுக்கு என்னவென்று மெமோ கொடுப்பது? நான்காம் நாள் துரை சிரிக்கவில்லை. ஆறாம் நாள் லாரியில் கூரைத் தகரம் வந்து இறங்கியது. மகளின் மூச்சும் மெல்லச் சீரானது, ஸ்தோத்திரம்.

"நாந்தான் துரைட்ட சொல்லி வாங்கிக் குடுத்தேன்" என்று ஹெட் கிளார்க் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகும் பல மேடை ஏறினேன். கற்றுக்கொண்டது ஒன்றுதான். மேலே இருப்பவர் சிரித்துவிட்டால் நம் காரியம் முடிந்தது என்று இறங்கி வந்துவிடாதீர்கள். அவர் சிரிப்பதை நிறுத்தும்வரை அதே தமாஷைச் சொல்லிக்கொண்டே இருங்கள்.