செருப்பு போட்டாச்சா?

கால்பந்து ஆட்டம் தொடங்கப் போகிறது என்றால் கண்ணாடிக்காரர் எழுந்து செருப்பை மாட்டிக்கொள்வார். கதவைப் பாதி சாத்திவிட்டு மாடிப்படிக்கு வருவார். மின்சார மீட்டர் பெட்டிகள் வரிசையாக இருக்கும் சுவரைப் பார்த்தபடி நின்று, கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். ஊரில் உள்ள ரசிகர்கள் எல்லாம் டி.வி.க்கு முன்னால் இருக்கும் நேரத்தில், எங்கள் குடியிருப்பின் மகா ரசிகர் டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

காய்கறிப் பையோடு மாடியேறும் யாராவது, "என்ன, வீட்ல சண்டையா?" என்று கேட்டால் ஒதுங்கி வழிவிடுவார். "சண்டை எல்லாம் இல்லைங்க. மேட்ச்" என்பார். நான் எதிர்வீட்டுக்காரன். குடிவந்த புதிதில் மனிதருக்கு ஏதோ மறை கழன்றிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். ஜன்னல், அலமாரிக் கதவு, கடை முகப்பு என்று எதுவானாலும் வருவார். முன்கை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள். வெட்டுகிற கருவியை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பு. பிறகு மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு. கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இரண்டாகும். விளிம்பு தேய்க்கும் மெஷின் பக்கத்திலேயே காலம் போனதில் காது கொஞ்சம் மந்தம். அதனால்தான் அந்த ஸ்பீக்கர்.

பையன்கள் பந்தடித்து உடைத்த ஜன்னல் என்றால் அவருக்குத் தனி உற்சாகம். டேப்பை எடுப்பதற்கு முன்பே, "யாரு அடிச்சது? எந்தக் கால்ல?" என்று விசாரணை நடக்கும். வீட்டுக்காரர் பையனைத் திட்டிக்கொண்டிருந்தால், "விடுங்க சார், நல்ல உதை. நாளைக்கு நாட்டுக்கு ஆகும்" என்பார். தேசிய அணி என்கிற சொல் அவர் வாயில் வராது. அவர்கள் "நம்ம பசங்க". தோற்றுவிட்டால், "பசங்க சரியா தூங்கலை போல" என்று வருத்தப்படுவார். சொந்தப் பிள்ளைகள் தோற்றால்கூடப் பெற்றவர்கள் அவ்வளவு விட்டுக்கொடுக்காமல் பேச மாட்டார்கள்.

இப்படிப்பட்டவர் ஏன் வெளியே நிற்கிறார்? அவர் மனைவிதான் சொன்னார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "எல்லாம் எங்க வீட்டு சின்ன மகாராணி போட்ட சட்டம், தம்பி."

மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. நம் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஏதோ கடைக்காரரிடமிருந்து அழைப்பு வந்து இவர் மாடிப்படிக்குப் போனார். உடனே நம் பையன்கள் கோல் போட்டார்கள். இவர் ஓடிவந்து உட்கார்ந்தார், எதிரணி போட்டது. மகள் அவரை இரண்டு கையாலும் தள்ளி வெளியே விட்டாள். மறுபடி நம் கோல். அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "அப்பா, நீ பார்த்தா அவங்களுக்கு வெக்கமா இருக்கு. செருப்பு போட்டுக்கோ, வெளிய நில்லு."

அன்றிலிருந்து அவர் ராசியில்லாத ரசிகர். பாதி திறந்த கதவின் நிலைப்படியில் மகள் நின்றுகொள்வாள். கண் டி.வி.யில், வாய் அப்பாவிடம். ஆட்டக்காரர்களுக்கு அவள் வைத்ததுதான் பெயர். ஒருவன் நெட்டையன், ஒருவன் மொட்டை, கோல்காப்பவன் பல்லன். அவள் வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போனாள். ஆட்டக்காரர்கள் மாறினார்கள், பழைய பெயர்கள் புதியவர்களுக்குப் போயின. சட்டம் மட்டும் மாறவில்லை. ஆட்டத்துக்குச் சற்று முன்னால் அங்கிருந்து அழைப்பு வரும். எடுத்ததும் ஒரே கேள்விதான்: "அப்பா, செருப்பு போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

பிறகு ஆட்டம் முடியும்வரை அவள் குரல் எங்கள் மாடிப்படி முழுக்கக் கேட்கும். நேர்முக வர்ணனைக்கு அவளை யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். பந்து யாரிடம் இருக்கிறது என்று சொல்ல மறந்துவிடுவாள். "அய்யோ... போறான், போறான்... அப்பா, அந்த நெட்டையன் இருக்கான்ல... அடச்சீ!" என்பாள். இவருக்கு எல்லாம் புரியும். நடுவில் கணவன் கதை வரும், குழந்தைக்குப் பல் முளைத்த கதை வரும், வாடகை வீட்டின் குழாய் ஒழுகும் கதை வரும். மறுநாள் செய்தியில் அதே கோலைக் காட்டினால் இவர் உதட்டைப் பிதுக்குவார். "என் பொண்ணு சொன்ன அளவுக்கு இல்லை, தம்பி."

மற்ற நாட்களில் அவள் அம்மாவிடம்தான் பேசுவாள். கைப்பேசி இவரிடம் வந்தால், "சாப்ட்டியாப்பா?" "ம்." "உடம்பு எப்படி இருக்கு?" "ம், நல்லா இருக்கு. இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான். கண்ணாடியிடம் பேசத் தெரிந்த அளவுக்கு மகளிடம் பேசத் தெரியாது. அடுத்த ஆட்டம் எப்போது என்று என்னிடம் வாரம் தவறாமல் கேட்பார். இடையில் இரண்டு மாதம் ஆட்டமே இல்லை என்று ஒருமுறை சொன்னபோது மனிதர் சுருங்கிப்போனார். "ஏன் தம்பி, சும்மா ஒரு நட்பு ஆட்டமாவது வைக்கக் கூடாதா இவனுங்க?" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மேட்ச் அன்னிக்குத்தான் அவ என்கிட்ட பேசுவா" என்றார்.

போன வாரம் அரையிறுதி. எப்போதும் நம்மைத் தோற்கடித்தே பழகிய அணி எதிரே. அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். நான் போய் உட்கார்ந்தபோது இவர் மாடிப்படியில் தயாராக நின்றிருந்தார். ஆட்டம் தொடங்கியது. அழைப்பு வரவில்லை. பாதி ஆட்டம் போயிற்று, கோலும் இல்லை, அழைப்பும் இல்லை. இவர் கைப்பேசியைத் தட்டிப் பார்ப்பதும் காதில் வைப்பதுமாக இருந்தார். இவராகக் கூப்பிட்டதற்கும் பதில் இல்லை.

"அவளுக்கு இந்த வாரம் ஷிப்ட் மாறியிருக்கும். போனை லாக்கர்ல வச்சிட்டுத்தான் உள்ள போகணும்னு சொன்னாளே" என்றார் அக்கா. "கால் வீங்கப் போகுது. உள்ள வந்து உட்காருங்க."

வெகுநேரம் யோசித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, திருடப் போகிறவர் மாதிரி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். திரையில் ஓடியவர்களை ஒவ்வொருவராகத் தேடினார். "இதுதான் நெட்டையனா? நேரடியா பார்க்க இன்னும் நெட்டையா இருக்கானே!" அவர் சொல்லி வாய் மூடவில்லை, நெட்டையன் எம்பித் தலையால் முட்டினான். கோல்!

குடியிருப்பு முழுக்கக் கூச்சல். இவர் மட்டும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல அக்காவைப் பார்த்தார். எழுந்து வாசலுக்கு நடந்தார். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். இரண்டாவது கோலுக்கு அவர் வாய் தானாகத் திறந்தது. மூன்றாவதுக்கு நாற்காலி கவிழ்ந்தது. நான்காவது விழுந்தபோது அவர் என்னைத் தூக்கியேவிட்டார். "நெட்டையா! டேய் நெட்டையா! மொட்டை ராசா!" என்று தலைகால் புரியாமல் கத்தினார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. இத்தனை வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் வட்டியும் முதலுமாகக் குதித்தார். எனக்குக் கால்பந்து அவ்வளவாகப் பிடிக்காது. நானும் குதித்தேன்.

நான்குக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிந்ததற்கான விசில் ஒலித்தது. கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"நான் பார்த்தாலும் ஜெயிக்கிறாங்க, தம்பி" என்றார்.

"அதுக்கென்ன? இனிமே சொகுசா உள்ளயே உட்கார்ந்து பாருங்க" என்றார் அக்கா.

அவர் கதவுப் பக்கம் திரும்பி மாடிப்படியைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அப்போது கைப்பேசி அடித்தது. மகள்.

அவர் எடுக்கவில்லை. அது அடிக்க அடிக்க எழுந்து வாசலுக்கு ஓடினார். அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பையும் இன்னொரு காலில் என் செருப்பையும் மாட்டிக்கொண்டார். கதவைப் பாதி சாத்தினார். மீட்டர் பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்று, மூச்சு வாங்கிய பிறகுதான் எடுத்தார்.

"அப்பா! ஸாரிப்பா, இப்பத்தான் பிரேக் விட்டாங்க. கோல் மட்டும் போன்ல பார்த்தேன். நீ செருப்பு போட்டிருந்தியா?"

"போட்டாச்சும்மா. அப்பவே போட்டாச்சு."

"ஒண்ணும் பார்க்கலையே?"

"சத்தம்தான் கேட்டுச்சு. நீ சொல்லு. மொத கோல் யாரு?"

உள்ளே அதே கோலைத் திரும்பக் காட்டினார்கள். அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு குறைத்தார். கதவிடுக்கில் அவர் முதுகு தெரிந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பந்து மேல வருதுப்பா... ரெண்டு பேர் நடுவுல... அந்த நெட்டையன் இருக்கான்ல, அவன் எம்பி..."

"எம்பி?"

"கோல்ப்பா!"

"போட்டுட்டானா!" என்று மாடிப்படி அதிரக் கத்தி, பொருந்தாத செருப்புகளோடு இருந்த இடத்திலேயே ஒரு துள்ளு துள்ளினார்.