காலி இடத்தில் ஒரு கட்டம்

நான் வரைபடவியல் பேராசிரியை என்று சொன்னால் உறவுக்காரர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். போனிலேயே மேப் வந்துவிட்டதே, இன்னுமா வரைகிறீர்கள் என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பூகோளம் என்பது பத்தாம் வகுப்புப் பரீட்சையில் காவிரியைக் குறித்ததோடு முடிந்துபோன சமாச்சாரம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் கணவர் இன்னும் தாராளமானவர். என் உத்தியோகத்தையே ‘கலர் பென்சில் வேலை’ என்பார். கொல்கத்தாவுக்கு வந்த புதிதில் லேக் மார்க்கெட்டில் காபிப்பொடிக் கடைக்கு நான் வழி சொன்னால், சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு, தெருமுனை பான் கடையில் விசாரித்துக்கொண்டு போவார். கடையும் உடனே கிடைத்துவிடும். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வகுப்பில் நான் தொண்டை வறளக் கற்றுக்கொடுத்தவற்றில் ஒன்று, கட்டம் வைப்பது. எந்த வரைபடத்திலும் ஒரு கட்டம் இருக்கும். பச்சை என்றால் பூங்கா, நீலம் என்றால் நீர்நிலை என்று அதில் விளக்கியிருக்கும். அதைப் படத்தில் ஒன்றுமில்லாத காலி இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். இதைச் சொல்லவா இந்த அம்மாளுக்குச் சம்பளம் என்று பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஒருவன் மட்டும் கண்கொட்டாமல் கேட்டான். மதுரைப் பக்கத்துப் பையன். விடுதிச் சாப்பாட்டின் கடுகெண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டவன். படிப்பு முடிந்து இதே ஊரின் சால்ட் லேக் பகுதியில் வரைபடம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஓய்வுபெற்றதும் பாலிகஞ்சில் தரைத்தளத்தில் வீடு வாங்கினோம். பின்னால் ஒரு குளம். எவ்வளவு மழை பெய்தாலும் தெருத் தண்ணீர் அதில் போய் விழுந்துவிடும். அந்தக் குளத்தின் மேல் ஒரு புரமோட்டருக்குக் கண் விழுந்தது. அடுக்குமாடி கட்டி விற்கும் புண்ணியவான்களுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். குளத்தை மூடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆகவே குளமே இல்லை என்று ஆக வேண்டும். மாடி வீட்டு பௌதி, அதாவது இந்தத் தெருவுக்கே அண்ணி, நீதானே மேப் புரொஃபசர் என்று, குளத்தைப் பற்றித் தெருக்காரர்கள் கொடுத்த புகாரின் விசாரணைக்கு என்னை இழுத்துப் போனாள். இழுக்கவே வேண்டாம். குளம் போனால் தண்ணீர் பௌதியின் மாடிக்கா ஏறப்போகிறது? என் கூடத்துக்குத்தான் வரும்.

அரசு அலுவலகத்தில் புரமோட்டர் தரப்பு வரைபடத்தைத் திரையில் போட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அழகான படம். சாலை, மரம், மின்கம்பம் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. எங்கள் குளம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அந்தக் கட்டம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதற்குள் நீலம் என்றால் நீர்நிலை என்று வேறு எழுதியிருந்தது. படத்தை விளக்க எழுந்தவனைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அந்த ரசம் சாதப் பையன். என்னைப் பார்த்துவிட்டு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

கட்டத்தை நகர்த்தச் சொல்லுங்கள் என்று அதிகாரியிடம் கேட்டேன். அச்சுக்குத் தயாரான படம், இனி நகர்த்த முடியாது என்றார்கள். அப்படியானால் நேரில் வந்து பாருங்கள் என்றேன். துர்கா பூஜை முடியட்டும் மேடம் என்றார் அதிகாரி. இந்த ஊரில் எல்லாமே பூஜை முடிந்துதான்.

வெளியே வராந்தாவில் அவனைப் பிடித்து, ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

“காலி இடத்துல கட்டம் வைக்கணும்னு நீங்கதானே மேடம் சொல்லிக்கொடுத்தீங்க.”

“காலியா இருக்கிற இடத்துல வைக்கச் சொன்னேன். காலி பண்ணிட்டு வைக்கச் சொல்லலை.”

பூஜை முடிந்தது. அதிகாரி வரவில்லை, லாரிகள் வந்தன. இடித்த வீடுகளின் செங்கல்லும் சுண்ணாம்பும் கொட்டிக்கொட்டி, குளிர்காலம் முடிவதற்குள் படம் சொன்னது நிஜமாகிவிட்டது. என் தொழிலில் இவ்வளவு துல்லியமான வரைபடத்தை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த மழைக்காலத்தில், விட்டுவிடாமல் பெய்த ஒரு பகலில், தண்ணீர் வாசல்படி ஏறிக் கூடத்துக்குள் வந்தது. கட்டில் மேல் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவர், இதற்கு என்ன கலர் அடிப்பாய் என்று கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவன்தான்.

“மேடம், வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சா? நான் வரட்டுமா?”

“வந்துருச்சுப்பா. வர்றப்போ அந்தக் கட்டத்தை எடுத்துக்கிட்டு வா. எங்க வீட்டு மேலயும் வெச்சிடலாம்.”