வாசலுக்கு வெளியே ஒரு கால்

சங்கிலிமுத்து எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிக்கு வெடிமருந்து செலுத்துகிற வேலை. வேலையில் குறை சொல்ல முடியாது. சாயந்தரமானால் குடிக்கக் கடைக்குப் போய்விடுவார். ஆடி மாதம் அவர் மனைவி சோலையம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு காரியாபட்டிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மறுநாளே கோயிலுக்குப் போய், இனித் தொடுவதில்லை என்று கையில் கயிறு கட்டிக்கொண்டார். கயிறு கட்டிய கை நடுங்க ஆரம்பித்தது. போர்மேன் முனியராஜ் பார்த்துவிட்டார்.

"குடிக்கிறப்ப நின்ன கை, விட்டப்புறம் ஆடுதே! இந்தக் கையோட மருந்து ரூமுக்குள்ள வராதப்பா."

குடித்தால் மனைவி இல்லை, விட்டால் வேலை இல்லை. சங்கிலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சாமிக்கு எம்மேல கோவமாக்கா?" என்று என்னிடம் வந்து கேட்டார். கேட்டுக்கொண்டே சுவரில் ஊர்ந்த எறும்புகளைத் தட்டிவிட்டார். சுவரில் எறும்பே இல்லை.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, பல வீடுகளில் வேலை செய்தவள் நான். நெடுங்காலம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு இப்படித்தான் புரளும். உயிருக்கே ஆபத்து. சாமியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனையில் சேர்த்தேன்.

உடம்பு தேறி அனுப்பும்போது டாக்டர், குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று சிவகாசியில் ஞாயிறு சாயந்தரம் நடக்கிறது, போய் உட்காருங்கள் என்றார். எந்தத் தெரு என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. போனில் சோலையம்மாளிடம் சொன்னேன்.

"கயிறு கட்டுனது எம்புட்டோ பாத்துட்டேன்க்கா. அங்கன போயி ஒரு தடவ உக்காரச் சொல்லுங்க. அப்புறம் நான் வாரதப் பத்திப் பேசுவோம்."

உட்காரலாம். எங்கே உட்காருவது? விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. போகிறவர்கள் வெளியே சொல்வதில்லை, சொல்கிறவர்கள் போனதில்லை. ஒரு ஞாயிறன்று பள்ளிக்கூட வளாகம் ஒன்றில் நாற்காலி போட்டு ஆட்கள் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். இதுதான் என்று நானே முடிவு செய்து உள்ளே கூட்டிப்போனேன்.

"எத்தன வருசமா இருக்குண்ணே?" என்று அங்கே இருந்த நர்ஸ் ஒருத்தி கேட்டாள்.

"அது இருக்கும், பதினஞ்சு வருசம்." சங்கிலி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அவள் அவர் விரலைப் பிடித்துக் குத்தினாள். அது இலவசச் சர்க்கரை நோய் முகாம்.

"உங்களுக்குச் சுகரே இல்லண்ணே. நல்லா இருக்கீக."

"நல்லா இருக்கேனாம்க்கா. வீட்டுக்குப் போவமா?"

விஷயத்தைச் சொன்னதும் அந்த நர்ஸ் சிரித்து ஓய்ந்து, அந்தக் கூட்டத்துக்குப் போகிற ஒருவரின் போன் நம்பர் கொடுத்தாள். எடுத்த ஆள் பெயர் சொல்லவில்லை. "போர்டெல்லாம் இருக்காதும்மா. அச்சாபீஸ் சந்துல மஞ்சக் கேட்டு. டியூசன் எடுக்கிற ரூம்பு. ஞாயித்துக்கிழம வாங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு மஞ்சள் கேட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். சங்கிலி தீப்பெட்டியையும் செல்போனையும் எடுத்து என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். கதவோரம் சுவரைத் தடவினார். கம்பெனியில் உள்ளே போகுமுன், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கக் கை வைத்துவிட்டுப் போகிற செம்புத் தகட்டைத் தேடுகிறார் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. எட்டிப் பார்த்து ஆட்களை எண்ணினார். எண்ணிவிட்டுப் பின்னால் வந்துவிட்டார்.

"கம்பெனியில ரூமுக்கு நாலு பேருதான்க்கா. உள்ள அதுக்கு மேல இருக்காக. நான் வெளியவே நிக்கேன்."

"இது என்ன மருந்து ரூமா? உள்ள போ."

"தெரியுதுக்கா. காலு போக மாட்டேங்குது."

பயமா, பழக்கமா, சாக்கா என்று எனக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. உள்ளேயிருந்து தடித்த ஆள் ஒருவர் எழுந்து வந்தார். போனில் பேசிய அதே குரல். தன் பெயர் ஊர்க்காவலன் என்றும் லோடு ஆட்டோ ஓட்டுவதாகவும் சொன்னார்.

"எந்தக் கம்பெனி?"

சங்கிலி சொன்னார்.

"அதான பாத்தேன். தகட்டத் தேடுறீகளே! இங்கன வெடிக்கிறதெல்லாம் வாயிதான்." எதிர்ப் பக்கக் கதவையும் திறந்து வைத்தார். "உங்க மருந்து ரூமு மாதிரியே ரெண்டு வாசலு. ஓடணும்னா எதுலயும் ஓடுங்க, யாரும் பிடிக்க மாட்டோம்." ஒரு பெஞ்சை இழுத்து வாசலோரம் போட்டார்.

சங்கிலி அதன் நுனியில் உட்கார்ந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில். நான் கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். அது அவர்களுடைய கூட்டம்.

முடிந்து வந்தவர் முகத்தில் குழப்பம் குறையவில்லை. "மாத்திர தரல, சத்தியம் வாங்கல. ஒருத்தர் அழுதாரு, பக்கத்துல உள்ளவரு சிரிச்சாரு. பெறகு டீ. அம்புட்டுத்தானாக்கா?"

"அம்புட்டுத்தான் போல."

செல்போனைத் திருப்பிக் கொடுத்தேன். சந்திலேயே நின்று காரியாபட்டிக்குப் போட்டார்.

"உக்காந்தீகளா?" சோலையம்மாள் குரல் எனக்கும் கேட்டது.

"உக்காந்தேன்." குனிந்து காலைப் பார்த்தார். "ஒரு காலு வெளிய இருந்துச்சு."

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"அடுத்த வாரம் அந்தக் காலையும் உள்ள வைங்க. பெறகு பாப்போம்."

அவர் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, "வாரேன்னு சொல்லுதாளா, வரலைன்னு சொல்லுதாளா?" என்றார்.

"அடுத்த வாரம் கேட்டுக்கோ" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.