தண்டனைப் பெட்டியில் நானும் மகளும்

இரவு முழுவதும் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, உடுப்புக்கூட மாற்றாமல் மகளை ஏற்றிக்கொண்டு மெல்பேர்ன் பனித்திடலுக்குப் போன காலை அது. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களின் சர்வதேச ஐஸ் ஹொக்கிப் போட்டியின் கடைசி நாள். நியூசிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். நன்றாக விளையாடுகிறவர்களைத் தெரிந்தெடுத்து அடுத்த வருடம் கனடாவுக்குக் கூட்டிப்போவார்கள். உன் மகளின் பெயர் நிச்சயம் வரும் என்று மற்றப் பெற்றோர் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

அவள் போக முடியாது. அகதிகளாகப் படகில் வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எங்களிடம் இருப்பது பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக அனுமதிதான். நாட்டைவிட்டு வெளியே போகலாம், திரும்பி வர முடியாது. அது அவளுக்கும் தெரியும். வீட்டில் அதைப்பற்றி யாரும் கதைப்பதில்லை. பயிற்சியாளருக்குத்தான் தெரியாது. ஆட்டம் முடிந்து பெயர்களை வாசிக்குமுன் நான் போய்ச் சொல்லவேண்டும்.

"வாசிச்சாப் பிறகு சொன்னா பிள்ளைக்குத்தான் அவமானம்" என்று மனைவி கிழமைக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லலாம்தான். இந்தக் கதையை இந்த நாட்டில் யாருக்குத்தான் நான் சொல்லவில்லை? வங்கியில், பள்ளிக்கூடத்தில், வாடகை வீட்டு ஏஜென்டிடம். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

இங்கே பிள்ளை விளையாடினால் பெற்றோரும் வேலை செய்யவேண்டும். ஒருவர் கடிகாரம் பார்ப்பார், ஒருவர் சிற்றுண்டி விற்பார். எனக்கு எப்போதும் தண்டனைப் பெட்டி. பிழை விட்ட பிள்ளை வந்து இரண்டு நிமிடம் இருக்கும் கண்ணாடிக் கூண்டு அது. நேரம் முடிந்ததும் கதவைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். குளிர் எலும்புவரை போகும் என்பதால் அந்த வேலையை ஒருவரும் விரும்புவதில்லை. நான் கேட்டு வாங்கினேன். உள்ளே இருப்பவர் கைதட்டக்கூடாது, கத்தக்கூடாது, எந்த அணிக்கும் சாயக்கூடாது. களைத்துப்போன மனிதனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் உண்டா? பக்கத்தில் வந்து சுகம் விசாரிக்கவும் ஆள் இல்லை.

நியூசிலாந்துக்காரரோடு ஆட்டம் சமநிலையில் நின்றது. எனக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. விசில் கேட்டு நிமிர்ந்தால், மகள் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். தடியால் ஒரு பிள்ளையின் காலை இடறிவிட்டாளாம். கதவைத் திறந்தேன். உள்ளே வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமல், என் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தாள்.

வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், அன்று அவளாகவே தமிழில் தொடங்கினாள்.

"அப்பா, என்னைப் பாக்காதீங்கோ. நேர பாருங்கோ."

பெட்டிக்குள் கதைக்கக்கூடாது. நேரே பனியைப் பார்த்தேன்.

"கனடாவுக்கு என்ர பேரைப் போட வேண்டாம் எண்டு கோச்சிட்ட சொல்லீட்டன்."

"எப்ப?"

"போன கிழமை."

"அது நான் சொல்லவேண்டிய விசயமல்லோ, பிள்ளை."

அவள் தண்ணீர் குடித்தாள்.

"நீங்க எழும்பி நிண்டு சொல்லுவீங்க" என்றாள். "கையைக் கட்டிக்கொண்டு, சேர், சேர் எண்டு. அவர் சும்மா ஒரு கோச், அப்பா. எனக்கு அதைப் பாக்கேலாது."

குடிவரவு விசாரணை அறைகளில் அதிகாரி உள்ளே வர எழும்பி நின்று பழகியவன் நான். இப்போது வாகனத் தரிப்பிடத்தில் அபராதம் எழுதுகிற பையனுக்கும் எழும்புகிறேன். அந்த அறைகளிலெல்லாம் அவள் என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். படம் கீறிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"உனக்குக் கவலை இல்லையோ?"

"இருக்கு." கையுறையை இழுத்துவிட்டாள். "ஆனா நான் போகாட்டியும் இண்டைக்கு மற்ற நாட்டுப் பிள்ளையள்தானே இங்க வந்திருக்கினம்."

கடிகாரம் பார்க்கிற பெண் கண்ணாடியில் தட்டினாள். கதவைத் திறந்தேன். மகள் திரும்பிப் பாராமல் போனாள். அவள் கோல் எதுவும் அடிக்கவில்லை. ஒரு கோலால் தோற்றார்கள்.

பிறகு பிள்ளைகளைப் பனியில் வரிசையாக நிறுத்திப் பெயர்களை வாசித்தார்கள். அவளுடையது இல்லை. மற்றப் பெற்றோர் திகைத்துப்போய் என் பக்கம் பார்த்தார்கள். நான் பெட்டிக்குள்ளேயே இருந்தேன். எழும்பிப் போக உடம்பில் தெம்பும் இல்லை.

பயிற்சியாளர் பெயர்த்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். கதவைத் திறந்து கையை நீட்டினார். என் கால்கள் என்னைக் கேட்காமலே நிமிரப் பார்த்தன. மகள் தலைக்கவசத்தைக் கழற்றிப் பிடித்தபடி, அங்கிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இருந்த வாங்குப் பலகையின் விளிம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தேன். பெரிய மரியாதைக்கேடுதான், என்ன செய்ய. எழும்பாமல் இருந்தபடியே மற்றக் கையைக் கொடுத்தேன். மனிதர் நல்ல உயரம். கொஞ்சம் குனிந்துதான் அதைப் பிடிக்கவேண்டியிருந்தது.