பூஜை போட்ட ரோபோ

மஹதி ஒன்பது வருடங்களாகக் கரும்பலகையில் படம் போட்டுத்தான் ரோபோ ஓட்டினாள். தெலுங்கு பேசும் ஊரான அல்வாலில் ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை. இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் அறக்கட்டளை அந்தப் பள்ளிக்கு இருபது ரோபோ வண்டிகளைக் கொடுத்தது. அவற்றுக்கான ஆசிரியர் பயிற்சிக்குத் தலைமை ஆசிரியர் சாம்பசிவம் தானே போய்வந்தார். சான்றிதழை அறையில் மாட்டினார். வண்டிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கேட்டால், "பசங்க உடைச்சுடுவாங்கம்மா" என்பார்.

இன்று அறக்கட்டளை அதிகாரி பார்வையிட வந்துவிட்டார். வகுப்பு எட்டிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மஹதி ஒரு வண்டியைத் தரையில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது, வண்டி நகரவில்லை. பேட்டரியை மாற்றினாள். அப்போதும் நகரவில்லை. அடுத்த வண்டியும் அப்படியே நின்றது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மானத்தை வாங்காதீங்கம்மா" என்று சாம்பசிவம் தமிழில் முணுமுணுத்தார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது.

மஹதி வண்டியைத் திருப்பிப் பார்த்தாள். எதிரே தடை இருக்கிறதா என்று பார்க்கும் அதன் இரண்டு சின்னக் கண்களிலும் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜையன்று சாம்பசிவம் தன் கையாலேயே வைத்தது, காய்ந்து இறுகியிருந்தது. முன்னால் சுவர் இருப்பதாக நினைத்துத்தான் வண்டி நின்றிருக்கிறது.

நகத்தால் சுரண்டித் துடைத்தாள். வண்டி ஓடிப்போய்ச் சாம்பசிவத்தின் ஷூவுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

"இதை முன்னாடியே கவனிக்கலையா மேடம்?" என்று அதிகாரி தெலுங்கில் கேட்டார்.

மஹதியும் தெலுங்கிலேயே சொன்னாள்: "பீரோ சாவி இன்னிக்குக் காலைலதான் சார் என் கைக்கு வந்துது."