நான்காவது வால்யூம்

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. அதன் உரிமையாளர் சேகர் என்னைக் கூப்பிட்டது ஸ்டோரேஜைச் சரிசெய்ய அல்ல. அவருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது.

"சிஸ்டம் நல்லாத்தான் சார் இருக்கு. மூணு பேருக்கு வேலை ஓடுது, இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஓடல. சிஸ்டத்துல தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, மாசக் கடைசியோட அனுப்பிடுவேன்."

அந்தப் பெண், நான்காவது எடிட்டர் ஸ்டெல்லா, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் திரையில் ஒரு மணப்பெண் மாலையைத் தூக்கியபடி உறைந்து நின்று, சற்றுப் பொறுத்துப் போட்டார்.

வீடியோக்கள் சேமிக்கும் ஸ்டோரேஜ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எட்டு ஹார்டு டிஸ்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்கு போல இயக்கும் ரெய்டு (RAID) அமைப்பு. அதை நான்கு வால்யூம்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார் சேகர். சீனியாரிட்டி வரிசை: முதல் வால்யூம் மூத்த எடிட்டர் குமாருக்கு, கடைசி வால்யூம் புதிதாகச் சேர்பவருக்கு. அடுத்தவர் இடத்தை யாரும் தொடக்கூடாது. சண்டையே வராத ஏற்பாடு என்று அவருக்கு அதில் பெருமை.

ஹார்டு டிஸ்குக்குள் சுழலும் தட்டில் வெளிவட்டம் பெரியது. ஒரு சுற்றில் அதிக டேட்டா வரும். உள்வட்டத்தில் ஏறக்குறைய பாதிதான். இந்தப் பெட்டியில் வால்யூம்கள் வெளியிலிருந்து உள்ளே வரிசையாக அமர்ந்திருந்தன. நான்கையும் அளந்தேன். ஸ்டெல்லாவினுடையது குமாருடையதில் பாதி வேகத்தில் ஓடியது.

எண்களைக் காட்டினேன். சேகர் நம்பவில்லை. டிஸ்கு என்ன, ஆள் பார்த்தா வேலை செய்யும் என்று கேட்டார். குமாரின் ஃபைல்களை நான்காவது வால்யூமில் போட்டு, அவரையே அதில் வேலை செய்யச் சொன்னேன். குமார் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். டீ வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னா சார் இது, தாலி கட்டுற இடத்துல நின்னுக்கினு கீது. ஒரே பேஜாரு."

ஸ்டெல்லா திரும்பாமலே சொன்னார்: "கொஞ்சம் வெயிட் பண்ணுங்கண்ணா, கட்டிடுவாரு. எனக்கு தினமும் கட்டுறாரு."

டேட்டாவை வேறு பெட்டிக்கு நகலெடுத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக அமைத்தேன். இப்போது இரண்டே வால்யூம்கள். நடந்துகொண்டிருக்கும் கல்யாணங்கள் வெளிவட்டத்தில். டெலிவரி ஆனவை உள்வட்டத்தில். நால்வருக்கும் ஒரே வால்யூமில் தனித்தனி ஃபோல்டர். ஃபைல் சிஸ்டத்தை ரெய்டின் ஸ்ட்ரைப் அளவுக்கு, அதாவது அது ஒவ்வொரு டிஸ்குக்கும் டேட்டாவைப் பங்கிடும் அளவுக்கு, பொருத்தினேன். ஸ்டெல்லாவின் மணப்பெண்கள் நிற்காமல் மாலை மாற்றினார்கள். மாசக் கடைசிப் பேச்சை சேகர் மறுபடி எடுக்கவில்லை.

நான் கிளம்பும்போது வண்டி வரை வந்தார்.

"அந்த சீட்ல இவளுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருந்தாங்க சார். ஸ்லோன்னு நான்தான் அனுப்பினேன். அப்போ அவங்க மேலயும் தப்பில்லையா?"

"தெரியாது சார். அப்ப யாரும் அளக்கல."

இப்போதெல்லாம் ஓர் ஆள் ஸ்லோ என்று யாராவது ஃபோன் செய்தால், அவருக்கு எந்த இடத்தைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.